லத்தீனில் செஞ்சி: 'ஜின்ஜினியானுஸ்' என்ற பெயரடை

'ஜின்ஜினியானுஸ்' ஒரு லத்தீன் பெயரடை. 'செஞ்சியைச் சேர்ந்த', 'செஞ்சிக்கு உரிய' என்பது அதன் பொருள். பழைய ரோமாபுரியில் இந்தச் சொல் வழங்கியதில்லை. சிசெரோவும் விர்ஜிலும் இதைக் கேட்டிருக்க வழியில்லை. ஜான் லேதம் என்ற ஆங்கில மருத்துவர் 1790-இல் லண்டனில் வெளியிட்ட 'இண்டெக்ஸ் ஆர்னித்தாலஜிகுஸ்' என்ற பறவைநூலில்தான் இது அறிவியலுக்குள் வந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைக் கோட்டைச் சுவரால் இணைத்துக்கொண்டிருக்கும் செஞ்சி, அன்று முதல் இரண்டு பறவைகளின் பெயரில் நிற்கிறது. ஒன்று ஆற்றங்கரையில் வளை தோண்டிக் கூடு வைக்கும் ஒரு மைனா. அதன் அறிவியல் பெயர் 'அக்ரிடோதெரெஸ் ஜின்ஜினியானுஸ்'. மற்றொன்று மஞ்சள்முகப் பாறு, அதாவது திருக்கழுக்குன்றத்துக் கழுகு. அதன் இந்தியக் கிளையினத்துக்கு 'நியோஃப்ரான் பெர்க்னாப்டெருஸ் ஜின்ஜினியானுஸ்' என்று பெயர்.

லேதம் செஞ்சிக்கு வந்தவர் அல்லர். ஊர்ப்பெயர் அவருக்கு ஒரு பிரெஞ்சுப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. பியேர் சொன்னெரா 1748-இல் லியோன் நகரில் பிறந்த இயற்கை ஆய்வாளர், ஓவியரும்கூட. பிரெஞ்சு அரசரின் ஆணைப்படி 1774 முதல் 1781 வரை கீழைநாடுகளில் பயணம் செய்து, 1782-இல் இந்தியா, சீனா பற்றிய பயண நூலை இரண்டு தொகுதிகளாகப் பாரிசில் வெளியிட்டார். தென்னிந்தியத் தொழில்கள், கோயில்கள், சடங்குகள், உடைகள் என்று விரிவாக எழுதிய அந்த நூலில் விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் தனி இடம் உண்டு. அங்கே 'செஞ்சியின் சிறு மார்த்தேன்' என்று ஒரு பறவையையும், 'செஞ்சிக் கழுகு' என்று இன்னொன்றையும் அவர் விவரித்தார். மைனாக்களை அன்றைய பிரெஞ்சுக்காரர்கள் 'மார்த்தேன்' என்றே அழைத்தனர்.

செஞ்சி அவர்களுக்குப் புதிய ஊர் அன்று. 1750-இல் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்தது. புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன 1761-இல்தான் செஞ்சியும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போனது. சொன்னெரா வருவதற்குள் கோட்டை கைமாறியிருந்தாலும், ஊரின் பெயர் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் பேச்சிலும் எழுத்திலும் ஊறிப் போயிருந்தது. அவர்கள் எழுதிய முறையை ஆங்கிலம் படித்த கண்ணால் பார்த்தால் 'ஜின்ஜி' என்று தோன்றும். பிரெஞ்சு வாயில் அது அப்படி ஒலிக்காது. முதல் எழுத்து மென்மையான ஜகரம். அதை அடுத்து வரும் 'இன்' என்ற எழுத்துச் சேர்க்கை மூக்கொலி கலந்த ஏகாரம். அதனால் பிரெஞ்சுக்காரர் சொன்னது ஏறத்தாழ 'ஜேஞ்ஜி'. இது 'செஞ்சி'க்கு நெருங்கிய ஒலிதான். எழுத்து ஒரு மொழியின் முறைப்படியும் வாசிப்பு இன்னொரு மொழியின் முறைப்படியும் போனதால்தான், வரைபடங்களில் இந்த ஊர் இன்றும் 'ஜிஞ்ஜி'யாகக் கிடக்கிறது.

சொன்னெரா பிரெஞ்சில் பெயர் வைத்தார். ஓர் உயிரினத்தின் பெயர் அறிவியலில் நிலைபெற வேண்டுமானால் லின்னேயஸ் வகுத்த முறையில் இருசொற் பெயர் வேண்டும்: முதலில் பேரினப் பெயர், அடுத்து இனத்தைக் குறிக்கும் அடைமொழி. இதன் அருமையை லேதம் தாமதமாகத்தான் உணர்ந்தார். 1781-இல் தொடங்கிப் பல பாகங்களாக அவர் வெளியிட்ட முதல் பெரிய பறவைநூலில் ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஜெர்மானியரான க்மெலின், லின்னேயஸின் நூலைப் புதுப்பித்து 1788-89-இல் வெளியிட்டபோது, லேதம் விவரித்த பறவைகள் பலவற்றுக்குத் தாமே லத்தீன் பெயர் சூட்டிவிட்டார். அந்தப் பெயர்களுக்கான உரிமையும் அவருக்கே போனது. அதன் பிறகே லேதம் 1790-இல் லத்தீன் பெயர்களோடு புதிய நூலை அச்சிட்டார். க்மெலின் தொடாமல் விட்ட பறவைகளில் செஞ்சியின் இரண்டும் அடங்கும். மைனாவை 'டர்டுஸ் ஜின்ஜினியானுஸ்' என்றும், கழுகை 'வுல்டுர் ஜின்ஜினியானுஸ்' என்றும் லேதம் எழுதினார். 'வுல்டுர்' என்றால் கழுகு. 'டர்டுஸ்' என்பது த்ரஷ் வகைப் பறவை. மைனாவுக்கென்று தனிப் பேரினம் தெளிவாக வகுக்கப்படாத காலம் அது.

இனி சொல்லின் உறுப்புகள். நன்னூல் வழியில் படித்தவர்கள் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிப்பார்கள். அந்த வழியிலேயே இதையும் பிரித்துப் பார்க்கலாம். பகுதி 'ஜின்ஜி', விகுதி 'இயானுஸ்', நடுவே ஒரு னகரம்.

விகுதியின் வேர் 'ஆனுஸ்'. 'ஒன்றைச் சேர்ந்த, ஒன்றிலிருந்து வந்த' என்ற பொருளில் லத்தீனில் மிகப் பழைய காலத்திலிருந்து வழங்குவது. ரோமாவைச் சேர்ந்தது 'ரோமானுஸ்'. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது 'ஆஃப்ரிக்கானுஸ்'. 'உர்ப்ஸ்' என்றால் நகரம், அதைச் சேர்ந்தது 'உர்பானுஸ்'. இதன் நீண்ட வடிவமே 'இயானுஸ்'. சீசரின் ஆள் 'கைசாரியானுஸ்'. கிறிஸ்துவைப் பின்பற்றுபவர் 'கிறிஸ்டியானுஸ்'. தமிழில் வழங்கும் 'கிறித்தியானி' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இந்த விகுதிதான். 'இந்தியன்', 'அமெரிக்கன்' என்ற ஆங்கிலச் சொற்களின் கடைசி அசையும் இதன் தேய்ந்த வடிவமே. அந்தச் சொற்கள் தமிழுக்கு வந்தபோது, அவற்றின் ஈற்றில் இருந்த ஒலி நம் ஆண்பால் விகுதியான 'அன்'னோடு தற்செயலாகப் பொருந்திக்கொண்டது. அதனால்தான் 'இந்தியன், இந்தியர்' என்று தமிழ் இலக்கணப்படியே அவற்றைத் தடையின்றி வளைக்க முடிகிறது.

நடுவில் நிற்கும் னகரம் சற்று விசித்திரமானது. 'புதுச்சேரியைச் சேர்ந்த' என்பதற்கு க்மெலின் 1789-இல் 'பாண்டிசேரியானுஸ்' என்று எழுதினார். அதில் இப்படி ஒரு மிகையொலி இல்லை. செஞ்சிக்கும் 'ஜின்ஜியானுஸ்' என்றோ, ஊர்ப்பெயர்களோடு சேரும் இன்னொரு விகுதியை வைத்து 'ஜின்ஜியென்சிஸ்' என்றோ எழுதியிருக்கலாம். லத்தீனில் னகரம் தோன்றும் இடங்கள் உண்டு. 'சிசெரோ' என்ற பெயர் ஆறாம் வேற்றுமையில் 'சிசெரோனிஸ்' ஆகும். எழுவாயில் மறைந்திருக்கும் அந்த னகரம் வெளிப்பட்டுத்தான் 'சிசெரோனியானுஸ்' என்ற பெயரடை பிறக்கிறது. செஞ்சியின் பெயருக்குள் அப்படி மறைந்த எழுத்து எதுவும் இல்லை. பகுதியும் விகுதியும் இகரத்தில் மோதுகிற இடத்தில் ஒலியைச் சீர்ப்படுத்தச் சேர்ந்த ஒரு சாரியையாக அதைக் கொள்வதே பொருத்தம்.

இலக்கணப்படி இது செம்மையான சொல்லாக்கம் அன்று. ஆனாலும் யாரும் இனித் திருத்த முடியாது. விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச நெறித்தொகுப்பின்படி, ஒரு பெயரை முதலில் வெளியிட்டவர் எழுதிய எழுத்துக்கூட்டலே சரியானது. அச்சுப்பிழை, கைப்பிழை என்று அந்த நூலிலிருந்தே தெரியும் தவறுகளைத் திருத்தலாம். லத்தீன்படுத்தியதில் நேர்ந்த குறையை மட்டும் பிழையாகக் கொள்வதில்லை. பெயர் என்பது அடையாளம். ஆளுக்கு ஆள் அதைச் செப்பனிடத் தொடங்கினால் இருநூறு ஆண்டு நூல்களில் ஒரே பறவையைத் தேடிப் பிடிப்பது இயலாத காரியமாகிவிடும்.

ஒலிப்பைப் பற்றி நெறித்தொகுப்பு எதுவும் விதிக்கவில்லை. பழைய ரோமானிய முறையில் அந்த முதல் எழுத்து எப்போதும் வல்லொலி. அப்படி வாசித்தால் 'கிங்கினியானுஸ்' என்று வரும். கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் மரபில் அதே எழுத்து இகரத்துக்கு முன் ஜகரமாகும். ஊரின் ஒலிக்கு அதுவே நெருக்கம் என்பதால் இங்கே 'ஜின்ஜினியானுஸ்' என்று எழுதப்படுகிறது. எப்படி வாசித்தாலும் 'யா' நெடில்; அழுத்தமும் அங்கேதான் விழும்.

லத்தீன் பெயரடையும் தமிழ்ப் பெயரடையும் முற்றிலும் வேறுபடுவது பாலில். 'நல்ல மகன், நல்ல மகள், நல்ல மாடு' என்னும்போது 'நல்ல' மாறுவதில்லை. 'செஞ்சிக் கோட்டை, செஞ்சிக் கோட்டையை, செஞ்சிக் கோட்டைக்கு' என்னும்போதும் 'செஞ்சி' அசையாமல் நிற்கிறது. வேற்றுமை உருபைப் பெயர் மட்டுமே ஏற்கிறது. லத்தீனில் அடையும் பெயரும் பால், எண், வேற்றுமை என்ற மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். ஆண்பால் பெயரோடு 'ஜின்ஜினியானுஸ்', பெண்பாலோடு 'ஜின்ஜினியானா', ஒன்றன்பாலோடு 'ஜின்ஜினியானும்'. ஆண்பாலில் இரண்டாம் வேற்றுமை 'ஜின்ஜினியானும்', நான்காம் வேற்றுமை 'ஜின்ஜினியானோ', ஆறாம் வேற்றுமை 'ஜின்ஜினியானி', விளி 'ஜின்ஜினியானே'. அறிவியல் பெயரில் எழுவாய் வேற்றுமையே வருவதால், இந்த வரிசையில் நடைமுறைக்கு வேண்டியவை முதல் மூன்று வடிவங்கள் மட்டும்.

தமிழில் இதற்கு இணையைத் தேடினால் பெயரடையை விட்டுவிட்டு, 'நல்லவன், நல்லவள், நல்லது' என்ற வரிசைக்குப் போக வேண்டும். இடத்தை அடியாகக் கொண்டு பிறக்கும் பெயர்ப் பகுபதத்துக்கு 'ஆரூரன்' என்பது பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டு. 'செஞ்சியான்' என்றால் அது 'ஜின்ஜினியானுஸ்' என்பதற்கு அநேகமாகச் சொல்லுக்குச் சொல் நிகர். லத்தீன் பெயரடைகள் தனித்து நின்றால் பெயராகவும் நடக்கும். 'ரோமானி' என்று பன்மையில் சொன்னால் ரோமர்கள். அந்த வகையில் 'ஜின்ஜினியானி' என்பது செஞ்சிக்காரர்களையும் குறிக்கும்.

'உயர்ந்த, மேலும் உயர்ந்த, மிக உயர்ந்த' என்று பண்பைக் குறிக்கும் லத்தீன் பெயரடைகளுக்குப் படிநிலை உண்டு. இடத்தைக் குறிப்பனவற்றுக்கு அது கிடையாது. ஓர் ஊரைச் சேர்ந்திருப்பதில் கூடுதல், குறைவு என்று எதுவும் இல்லையே.

பால் ஒப்புமை அன்றாட வாழ்க்கையில் நமக்குத் தெரிந்த உயிர்களின் பெயரிலேயே தெளிவாகத் தெரியும். 'இந்தியாவைச் சேர்ந்த' என்ற ஒரே பெயரடை, நாட்டு மாட்டுக்கு 'போஸ் இண்டிகுஸ்', மாமரத்துக்கு 'மாஞ்சிஃபெரா இண்டிகா', எள்ளுக்கு 'செசாமும் இண்டிகும்' என்று மூன்று முகம் காட்டுகிறது. ஈற்றொலி ஒத்துப்போவதால் பார்த்தவுடன் விதி எளிதாகத் தோன்றும். புளியமரத்திடம் வந்தால் அந்த எளிமை கலைந்துவிடும். அதன் பெயர் 'டாமரிண்டுஸ் இண்டிகா'. பேரினப் பெயர் ஆண்பால் போல் முடிந்தாலும் அடைமொழி பெண்பாலில் இருக்கிறது. மரங்கள் பெண்பால் என்பது பழைய லத்தீன் வழக்கு. அரசமரம் 'ஃபிகுஸ் ரிலிஜியோசா' ஆனதும் அதனால்தான். பிற்காலத்தில் ஆக்கப்பட்ட மரப்பெயர்கள் எல்லாவற்றிலும் இந்த வழக்கு ஓடவில்லை. நம் பனைமரம் 'போராசுஸ் ஃப்ளாபெல்லிஃபெர்' என்று ஆண்பாலிலேயே நிற்கிறது. ஒத்துப்போக வேண்டியது பால், ஈற்றொலி அல்ல என்பதைச் செஞ்சிக் கழுகின் பழைய பெயரும் காட்டுகிறது. 'வுல்டுர்' என்பதன் ஈறு வேறு, 'ஜின்ஜினியானுஸ்' என்பதன் ஈறு வேறு. ஆனால் இரண்டும் ஆண்பால் ஒருமை.

ஓர் இனம் ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும்போது இந்த விதி கண்ணெதிரே வேலை செய்யும். சிட்டுக்குருவிக்கு லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர் 'ஃப்ரிஞ்சில்லா டொமெஸ்டிகா'. பின்னர் ஆண்பாலான 'பாசெர்' பேரினத்துக்கு மாறியபோது அது 'பாசெர் டொமெஸ்டிகுஸ்' ஆனது. நம் பக்கத்து இடப்பெயர்களிலும் இப்படி நேர்ந்திருக்கிறது. காட்டுக் கீச்சானுக்கு க்மெலின் தந்த பெயர் 'முஸ்கிகாபா பாண்டிசேரியானா'. இன்று அது 'டெஃப்ரோடார்னிஸ் பாண்டிசேரியானுஸ்'. செஞ்சிப் பக்கத்து முட்புதர்களில் கூவும் கவுதாரியும் அதே அடைமொழியைத்தான் சுமக்கிறது. அது பேரினம் மாறியும், ஆண்பாலிலேயே இருந்ததால் ஈறு மாறவில்லை. முசுமுசுக்கைக் கொடியின் கதை இன்னும் சுவையானது. மதராசப்பட்டினத்தின் பெயரால் லின்னேயஸ் 1753-இல் அதை 'குகுமிஸ் மதெராஸ்பதானுஸ்' என்றார். பின்னர் 'முகியா' என்ற பெண்பால் பேரினத்துக்குப் போனபோது 'மதெராஸ்பதானா' ஆனது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு மீண்டும் 'குகுமிஸ்' பேரினத்துக்கே திரும்பி, பழைய ஆண்பால் ஈற்றைப் பெற்றுக்கொண்டது.

ஊர்ப்பெயரிலிருந்து பெயரடை ஆக்க விகுதி ஒன்று மட்டும் இல்லை. தாவரவியல் நெறித்தொகுப்பு வழக்கமான விகுதிகளாக 'என்சிஸ், ஆனுஸ், இனுஸ், இகுஸ்' என்பனவற்றைச் சொல்கிறது. இவற்றில் 'என்சிஸ்' ஆண்பாலிலும் பெண்பாலிலும் மாறாது; ஒன்றன்பாலில் மட்டும் 'என்சே' ஆகும். ஆற்றோரங்களில் ஓடித்திரியும் வெண்புருவ வாலாட்டி 'மோட்டாசில்லா மதெராஸ்பதென்சிஸ்'. ஆக ஒரே மதராசப்பட்டினம் கொடியில் 'ஆனுஸ்' விகுதியும் பறவையில் 'என்சிஸ்' விகுதியும் பெற்றுவிட்டது. சோழமண்டலத்திலிருந்து வந்த 'கொரொமாண்டெல்' என்பதும் ஒரு சிறு வாத்துக்கு 'கொரொமாண்டெலியானுஸ்', ஒரு காடைக்கு 'கொரொமாண்டெலிகா' என்று இருவிதமாகப் பிரிந்தது. பெயர் வைத்தவரின் விருப்பமே இதில் விதி.

செஞ்சியின் இரு பறவைகளும் 1790-க்குப் பிறகு பேரினம் மாறின. மைனா, 'வெட்டுக்கிளி வேட்டைக்காரன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஆன 'அக்ரிடோதெரெஸ்' பேரினத்துக்கு வந்தது. கழுகு 'நியோஃப்ரான்' பேரினத்துக்கு வந்தது. அது கிரேக்கக் கதையொன்றில் சீயஸ் கடவுளால் கழுகாக மாற்றப்பட்ட ஒருவனின் பெயர். இரண்டுமே ஆண்பால் என்பதால் அடைமொழியின் ஈறு லேதம் எழுதியபடியே இருக்கிறது. மாற்றம் நடந்ததற்கான தடயம் வேறோர் இடத்தில் உண்டு. பெயருக்குப் பின் 'லேதம், 1790' என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். பெயரிட்டவர் வைத்த பேரினத்தில் இன்று அந்த இனம் இல்லை என்பதற்கான குறி அது. மலை மைனாவின் பேரினமான 'கிராகுலா' பெண்பால். செஞ்சி மைனாவை அதில் சேர்த்திருந்தால் பெயர் 'ஜின்ஜினியானா' என்றாகியிருக்கும்.

எல்லா அடைமொழிகளும் பெயரடைகள் அல்ல. சொன்னெராவின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு 1813-இல் 'கல்லுஸ் சொன்னெராட்டியி' என்று பெயர் வந்தது. 'சொன்னெராவினுடைய' என்ற ஆறாம் வேற்றுமைப் பெயர் அது. பெயரடையாக இல்லாததால், பேரினம் எந்தப் பாலானாலும் அது மாறாது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வளரும் ஒரு மரவகையின் பேரினமே 'சொன்னெராட்டியா'. மூன்றாம் வகை, இரு பெயர்கள் ஒட்டி நிற்பது. பென்குயின் ஒன்றுக்கு 'பைகோஸ்கெலிஸ் பபுவா' என்று பெயர். 'பபுவா' அங்கே பெயராகவே நிற்கிறது, ஈறு மாறுவதில்லை.

அந்தப் பென்குயினுக்கும் பபுவாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது அண்டார்க்டிகாவை ஒட்டிய தீவுகளில் வாழ்வது. இந்தத் தவறின் ஊற்றுக்கண் சொன்னெராதான். 1776-இல் அவர் வெளியிட்ட நியூகினி பயண நூல் பென்குயின்களை அந்தத் தீவின் பறவைகளாகக் காட்டியது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய சிரிக்கும் கூக்கபராவையும் அவர் நியூகினிப் பறவை என்றே எழுத, அது இன்றுவரை 'டசேலோ நோவேகினியே', அதாவது 'நியூகினியின் டசேலோ'. அவர் நியூகினியில் கால் வைத்ததே இல்லை. பிறர் கொண்டுவந்த பதப்படுத்திய உடல்களைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஒருவர் 'செஞ்சியின் பறவை' என்று சொன்னதை எவ்வளவு நம்பலாம்? இரண்டு பறவைகளுக்கும் விடை ஒன்றாக இல்லை.

மைனாவைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் இருக்கிறது. சாதாரண மைனாவைவிடச் சற்றுச் சிறியது. கண்ணைச் சுற்றியுள்ள வெற்றுத்தோல் மஞ்சளுக்குப் பதிலாகச் செங்கல் நிறம். செங்குத்தான ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும். அதன் தாயகம் சிந்து, கங்கைச் சமவெளிகள்.  செஞ்சி வழியாக ஓடும் சங்கராபரணி ஆற்றுக்கு மண்கரைகள் இருந்தாலும், அங்கே இது இயல்பாக வாழ்ந்தது என்று கொள்வது கடினம். மைனாக்கள் அன்றும் கூண்டில் வளர்க்கப்பட்டவை. வடக்கிலிருந்து வந்த ஒரு வளர்ப்புப் பறவையைச் சொன்னெரா பார்த்திருக்கலாம் என்பதே நியாயமான ஊகம். பொருந்தாத பெயர் என்பதற்காக ஒரு பெயர் செல்லாமற் போவதில்லை என்று நெறித்தொகுப்பு தனி விதியாகவே சொல்வதால், வடநாட்டு மைனா செஞ்சியின் பெயரோடு நீடிக்கிறது.

கழுகின் நிலை வேறு. மஞ்சள்முகப் பாறு பாறைமுகடுகளின் இடுக்குகளில் கூடு கட்டும். செங்குத்தான கருங்கற் குன்றுகள் நிறைந்த செஞ்சி அதற்கு வேண்டிய இடம்தான். வடதமிழ்நாட்டில் இந்தப் பறவை ஒரு காலத்தில் நன்கு அறியப்பட்டிருந்தது என்பதற்குத் திருக்கழுக்குன்றமே சாட்சி. பட்சி தீர்த்தம் என்று பெயர் பெற்ற அந்த மலையில் உச்சிப் பொழுதுக்கு முன் இரண்டு கழுகுகள் வரும். அர்ச்சகர் கையால் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த சோற்றைத் தின்னும். அவை சாபம் பெற்ற முனிவர்கள் என்பது தலபுராணச் செய்தி. வராத நாளில் கூட்டத்தில் பாவி இருக்கிறான் என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றது.

லேதம் செஞ்சியின் பெயரால் குறித்த இந்தியக் கிளையினம் மற்றவற்றைவிடச் சிறியது. அலகு முழுதும் வெளிர்மஞ்சள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வாழும் கிளையினத்துக்கு அலகின் நுனி கருமை. கானரித் தீவுகளில் உள்ள பெரிய உருவத்தை 2002-இல் மூன்றாவது கிளையினமாகப் பிரித்தனர். மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்தியாவில் பாறுகள் பெருமளவில் குறைந்ததற்கு அதுவே முதன்மைக் காரணம். கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது 2006-இல் தடை செய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறு 2007 முதல் உலக அளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு கிளையினத்துக்கே பெயர் கொடுத்த செஞ்சியில் அந்தப் பறவைக்காக ஓர் அறிவிப்புப் பலகையாவது இருக்க வேண்டும். மராட்டியர் படைத்தளக் கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கும் இந்த நேரம் அதற்கு உகந்தது.

கழுகின் பெயரில் செஞ்சி வருவது மூன்றாம் இடத்தில். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல்லான 'பெர்க்னாப்டெருஸ்' கிரேக்க வேர்களால் ஆனது, 'கருஞ்சிறகுடைய' என்று பொருள், மூன்றாவது கிளையினம். இரண்டு அடைமொழிகளும் பேரினப் பெயரின் பாலையே பின்பற்றுகின்றன. இந்தியக் கிளையினத்தைத் தனி இனமாகவே கொள்ள வேண்டும் என்று ஆய்வுகள் ஒருநாள் முடிவு செய்தால், முந்தி வெளியான பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி லேதமின் 1790-ஆம் ஆண்டுப் பெயரே அதற்குச் சேரும். நடுச்சொல் உதிர்ந்து, ஈறு மாறாமல் 'நியோஃப்ரான் ஜின்ஜினியானுஸ்' என்றாகும்.